கிழவி மேட்டில் ஒரு சீசா

ஹெஸ்டர் குவார்ம்பி தெரிந்தே அச்சேற்றிய பொய் மொத்தம் பதினோரு வரி. முப்பது வருஷமாக எழுதிப் பிழைத்தவள் அவள். கடல் ஏன் ஏறி இறங்குகிறது, நிலக்கரிக்குள் பெரணிச் செடி எப்படிப் போய்ப் படுத்தது, பாசிக்கு எதற்கு வேர் இல்லை என்று வீட்டுப் பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி விஞ்ஞானம் சொன்னவள். ஓர் அளவு தப்பாக அச்சாகிவிட்டால் இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷிதான் அந்தப் பதினோரு வரியைப் பத்துப் பதிப்பு வரைக்கும் அப்படியே விட்டுவைத்தாள். விட்டுவைத்ததோடு போயிற்றா? அதை வைத்துத்தான் பேரே வாங்கினாள்.

1882 ஆகஸ்டில் லண்டனுக்கு அவள் பேருக்கு யார்க்‌ஷயரிலிருந்து ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் தெல்வால் என்கிற இளம் டாக்டர். "எங்கள் கார்த்பி ஊரில் கிழவி மேட்டை மறுபடியும் தோண்டுகிறோம். உங்கள் புத்தகத்தைப் பத்து வயதில் படித்துத்தான் எனக்கு இந்தக் கிறுக்கே பிடித்தது. பத்தாம் நாள் அடித்தளத்தைத் தொட்டுவிடுவோம். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும்" என்று எழுதியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் தொப்பிக்குப் புது ரிப்பன் வாங்கியிருப்பார்கள். ஹெஸ்டர் கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினாள். அந்த மேட்டின் அடியில் ஒரு சீசா இருக்கிறது. சீசாவுக்குள் அவள் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளில், பதினோரு வரிக்கு எதிராக, உண்மை இருக்கிறது.

இதைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் சரிப்படும்.

எங்கள் கார்த்பிப் பக்கத்து மேடுகள் ஆதிகாலத்து மனுஷர்களைப் புதைத்து மண் குவித்த மேடுகள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவற்றைத் தோண்டுவது என்றால் அது ஒருநாள் கூத்து. அப்போது எங்கள் ஊர்ப் பாதிரியார் தர்க்கெல். அவர் விடிந்ததும் ஆட்களை விட்டு உச்சியிலிருந்து நேராகக் குழி இறக்குவார். மத்தியானம் பெரிய வீட்டுப் பெண்கள் குடையும் கூடையுமாக வந்து புல்லில் உட்கார்ந்து பன்றித்தொடைக்கறியும் கேக்கும் சாப்பிடுவார்கள். மூணு மணிக்கு எலும்பு தெரியவேண்டும், ஆறு மணிக்குக் குழி மூடவேண்டும், இல்லாவிட்டால் பாதிரியாருக்கு மூக்கு சிவந்துவிடும். ஆனால் மூடுவதற்கு முன்னால் ஒரு மரியாதை உண்டு. தோண்டியவர்கள் அடியில் ஓர் அடையாளம் விட்டுவிட்டு வரவேண்டும். சிலர் தேதி வெட்டிய ஈயத்தகடு வைப்பார்கள். தர்க்கெல் சீசா வைப்பார். என்ன கண்டோம், என்ன எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு தாளில் எழுதி, சீசாவில் போட்டு, தக்கை அடைத்துக் குழிக்குள் வைத்துவிடுவார். பின்னால் எவனாவது தோண்டினால் பாவம், ஏமாறாமல் இருக்கட்டும் என்றுதான். ஊருக்குள் வாய் கூசாமல் கதை அளக்கிறவர்கள்கூட அந்தத் தாளில் மட்டும் பொய் எழுதமாட்டார்கள். இன்னும் பிறக்காதவனிடம் அத்தனை நாணயமாக நடந்துகொள்வார்கள், பக்கத்து வீட்டுக்காரனிடம் நடக்கமாட்டார்கள்.

1861 ஜூனில் கிழவி மேட்டைத் திறந்தார்கள். ஹெஸ்டருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் சீக்குக்காரத் தங்கையும் அவள் பேனாவை நம்பி இருந்தார்கள். பழங்கால மனுஷர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம் என்று கிளம்பி வந்திருந்தாள்.

குழிக்குள் இறங்கி வேலை செய்தவர் ஜாபெஸ் ஹார்லண்ட். பேருக்குக் கூலிக்காரர். ஆனால் அந்த வட்டாரத்தில் அவர் கைக்கு ஈடாக ஒரு கை கிடையாது. மேல்மண்ணுக்குக் கடப்பாரை, எலும்பு கிட்டே வந்துவிட்டால் ஒரு மழுங்கல் கத்தியும் வாத்து இறகும், அவ்வளவுதான் அவர் சாமான். அன்றைக்கும் மண்டியிட்டு ஒன்றரை மணி நேரம் ஊதி ஊதித் துடைத்து ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டை வெளியே கொண்டுவந்தார். முழங்காலை மடக்கி, கன்னத்துக்குக் கீழே கைவைத்து, தூங்குகிற மாதிரி படுத்திருந்தது. மண்டையோட்டில் ஒரு கீறல் இல்லை.

ஹெஸ்டர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். முகத்தைத் திருப்பி எதிரே வைத்து வரையவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"இப்பத் தொடாதீங்க மிஸ்," என்றார் ஜாபெஸ். "சுண்ணாம்பு மண்ணுல ஊறிக் கெடக்கு. ஒரு ராத்திரி காத்துப் படணும். காஞ்சாத்தான் எலும்பு எலும்பா இருக்கும். இப்ப அது வெறும் ஈரப் பிஸ்கட்டு."

"பாதிரியார் ஆறு மணிக்கு மூடணும்னு சொல்றாரே."

"அவரு சொல்லுவாரு. செத்தவங்களுக்கு என்னங்க அவசரம்?"

மேலே மேகம் திரண்டது. பாதிரியார் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஹெஸ்டர் மண்டையோட்டுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து மெதுவாகத்தான் தூக்கினாள். மெதுவாகத் தூக்கி என்ன செய்ய? கைக்குள்ளேயே அது பொடிந்து, நாலாயிரம் வருஷம் பொறுத்திருந்த முகம் அவள் மடியில் கொட்டியது. ஜாபெஸ் குனிந்தார். தன் தொப்பியைக் கழற்றி, அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் போட்டார். அதைப் பார்க்கப் பார்க்க ஹெஸ்டருக்குத் திட்டு வாங்கியதைவிட அதிகமாக வலித்தது.

அன்றைக்குத் தாளை எழுதுகிறேன் என்று அவளே கேட்டு வாங்கினாள். "இந்த மண்டையோட்டை உடைத்தது ஹெஸ்டர் குவார்ம்பி. காத்திருக்கச் சொன்ன ஜாபெஸ் ஹார்லண்டின் பேச்சை அவள் கேட்கவில்லை. அவர்மேல் குற்றமில்லை. வடக்குச் சுவருக்குள் இன்னோர் உடல் இருப்பதாக அவர் சொல்கிறார். நேரமில்லாமல் விட்டுவிட்டோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அந்த லேசுதான் வினை. மண்ணுக்கடியில் ஒருதரம் உண்மையைச் சொல்லியாயிற்று என்றதும், மண்ணுக்கு மேலே சொல்லவேண்டிய கடமை பாதி தீர்ந்த மாதிரி அவளுக்குத் தோன்றிவிட்டது.

மறு வருஷம் பாதிரியார் மார்ச்சளியில் போய்விட்டார். புத்தகம் எழுதி முடித்து லண்டனில் பைபஸ் என்ற பதிப்பாளரிடம் கொண்டுபோனாள் ஹெஸ்டர். அவர் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உடைச்சது நீங்கன்னு போட்டிருக்கீங்களே?"

"நான்தானே உடைச்சேன்."

"சரிதான் போங்க. பொம்பள கைல விஞ்ஞானம் கொடுத்தா இப்படித்தான்னு எழுத, பத்திரிகைல பத்துப் பேர் பேனாவைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்களே எடுத்துக் குடுக்குறீங்க. அப்புறம் உங்க பாசியை யார் நம்புவா, கடலை யார் நம்புவா?" தாளை அவள் பக்கம் தள்ளினார். "அந்தக் கூலிக்காரன்கிட்ட கடப்பாரை இருந்துச்சில்ல?"

"இருந்தது. ஆனா அவர்…"

"இருந்துச்சில்ல. அது போதும். கொஞ்சம் சிரிக்கிற மாதிரி எழுதுங்க, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். அவன் என்ன, புத்தகமா வாசிக்கப்போறான்?"

ஹெஸ்டர் அம்மாவை நினைத்தாள், தங்கையின் மருந்தை நினைத்தாள். வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் பதினோரு வரி எழுதினாள். கடப்பாரை சுழன்றது, மண்டையோட்டுக்குள் அது இறங்கிய சத்தம் கேட்டது, "ஐயோ, பானைன்னு நெனச்சேனே" என்று ஜாபெஸ் தலையைச் சொறிந்தார். நன்றாகவே வந்திருந்தது. பேரை மாற்றலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் ஜாபெஸ் என்ற பேர் அந்த இடத்தில் அத்தனை பொருத்தமாக உட்கார்ந்துகொண்டது, மாற்ற மனசு வரவில்லை. சொல்லப்போனால் அவளை மன்னிக்கவே முடியாத இடம் இதுதான்.

புத்தகம் பறந்தது. கடப்பாரையைத் தோளில் சாய்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஒரு தடியனின் படம் போட்டிருந்தார்கள். வேலைக்காரி கோப்பையை உடைத்தால் "ஜாபெஸ் வேலை" என்றார்கள். வகுப்பில் மைக்கூட்டைக் கவிழ்த்தால் "போடா ஜாபெஸ்" என்றார்கள். இங்கே கார்த்பியில் பிள்ளைகள் அவர் வாசலில் வந்து நின்றே கத்தினார்கள். அதற்கப்புறம் மேடு தோண்டுகிற ஒரு கனவான்கூட அவரைக் கூப்பிடவில்லை. கடைசியில் சாலைக்குக் கல் உடைக்கிற வேலைக்குப் போனார். எங்கள் ஊர்க்காரர்களும் யோக்கியர்கள் இல்லை, நாங்களும் சிரித்தோம். அவர் கையை நேரில் பார்த்தவர்கள்கூடச் சிரித்தோம்.

ஹெஸ்டர் திரும்பி இந்தப் பக்கமே வரவில்லை. அரைகுறையாகக் கேள்விப்பட்டாள். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம், அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம் என்றே இருபது வருஷம் ஓட்டிவிட்டாள்.

டாக்டரின் கடிதம் வந்த பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. பதினோராம் பதிப்பு அச்சில் இருந்தது. கடைசியில் ரயில் ஏறினாள். எதற்கு? யோக்கியமாகச் சொல்வதானால், அந்தச் சீசாவை யாரும் பிரிப்பதற்கு முன்னால் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்ளத்தான். என் கையெழுத்து, எனக்கொரு ஞாபகம், நானே வைத்துக்கொள்கிறேனே என்று கேட்டால் யார் மறுக்கப்போகிறார்கள்?

பத்தாம் நாள் காலையில் டாக்டர் தெல்வால் அவளை வண்டி வைத்து மேட்டுக்கு அழைத்துப்போனார். நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமில்லை. தர்க்கெல் மாதிரி ஒருநாள் கூத்து கிடையாது. அங்குலம் அங்குலமாக அளந்து, நூல் பிடித்து, ஒவ்வொரு படியையும் காகிதத்தில் குறித்து இறக்கியிருந்தார். புதுப் பாதிரியாரின் மனைவி திருமதி லோஃப்டஸ் தலைமையில் ஏழெட்டுப் பெண்கள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஊரான ட்ரிஃபீல்டிலிருந்து பத்திரிகைக்காரர் ஒருத்தர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு ஒரு வேடிக்கை வச்சிருக்கேன் மிஸ் குவார்ம்பி," என்றார் டாக்டர். "அங்க பாருங்க. கூடை தூக்குறாரே, யார்னு தெரியுதா? உங்க ஜாபெஸ்! பழைய குழி எந்த இடம்னு காட்ட ஆள் வேணும்னு கூட்டிட்டு வந்தேன். மண்ணு சுமக்க மட்டும்தான். எலும்பு பக்கமே விடலை, பயப்படாதீங்க."

தலை நரைத்து, தோள் இறங்கி, கண்ணோரம் கல் தெறித்த தழும்போடு ஒரு மனுஷர் மண்கூடையைச் சரிவில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். அவளைப் பார்த்தார். தொப்பியைத் தொட்டார். மறுபடி குழிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஹெஸ்டர் எழுந்து மேட்டின் மறுபக்கம் போனாள். ஜாபெஸ் தனியாக உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தார்.

"என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"தெரியாம என்னம்மா. உங்க புத்தகத்துலயேதான நான் குடியிருக்கேன்."

அவள் புல்லில் உட்கார்ந்தாள். "கோபமா இருப்பீங்க."

"இருந்துச்சு. ரெண்டு மூணு வருஷம் நல்லாவே இருந்துச்சு. அப்புறம் கோபத்துக்கும் வயசாவும்ல?" ரொட்டியைப் பிய்த்தார். "எனக்குப் புரியாததுதான் பெரிசா இருந்துச்சு. கீழ ஒண்ணு எழுதி வச்சீங்க, மேல வேற எழுதினீங்க. அது ஏன்னுதான்."

ஹெஸ்டர் நிமிர்ந்தாள். "கீழ என்ன எழுதினேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தக்கை அடைச்சது நான்தானம்மா. அடைக்கறதுக்கு முன்னால படிச்சேன்."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" வாய் தவறி வந்துவிட்டது.

"மெதடிஸ்ட் கோயில் ஞாயித்துப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க. பைபிள்ல ஏசாயாவையே எழுத்துக்கூட்டிப் படிச்சவனுக்கு உங்க கையெழுத்து ஒண்ணும் பெரிசில்ல. ஆனா கிறுக்கல்தான், சொல்லக்கூடாது." லேசாகச் சிரித்தார். "எம் பொண்டாட்டி கெசியா ஓயாம சொல்லுவா. எந்திரிச்சுப் போய் ஊர்ல சொல்லுய்யா, எவளோ உடைச்சதுக்கு நீ ஏன் பேச்சு வாங்குறேன்னு. நான் சொல்லுவேன், கல்லு உடைக்கிறவன் சொன்னா எவன் கேப்பான், அந்தம்மாவே அவங்க கையால எழுதி வச்சிருக்காங்க, என்னைக்காவது எவனாவது தோண்டுவான், அன்னைக்கு வரட்டும்னு. போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அவ போய்ட்டா. அது வர்றதைப் பாக்கலை."

ஹெஸ்டருக்குக் கண் கரித்தது. அழுதுவிட்டால் அதற்கும் அவர் ஆறுதல் சொல்லவேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டாள். "உண்மையைச் சொல்லிடறேன் ஜாபெஸ். அந்தச் சீசாவை எடுத்து ஒளிச்சு வைக்கத்தான் நான் வந்தேன்."

"தெரியும்மா. சீசா வெளிய வர்றப்ப பக்கத்துல நிக்கத்தான் நானும் கூடை தூக்க ஒத்துக்கிட்டேன்."

"இப்ப ஒளிக்கமாட்டேன். நானே எடுத்து, எல்லார் முன்னாலயும் வாசிக்கிறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாசிங்க. வேறொண்ணும் வேணாம். வாசிச்சு முடிச்சதும் டாக்டரய்யாகிட்டச் சொல்லி அந்தக் கத்தியை ஒரு அரை நாள் என் கைல குடுக்கச் சொல்லுங்க. வடக்குச் சுவத்துல படுத்திருக்கில்ல, அதை நான் எடுக்கணும். அன்னைக்கே பாத்து வச்சது. பச்சைப் புள்ளையோ என்னமோ, சின்னதா இருக்கு."

இரண்டரை மணிக்குச் சீசா கிடைத்தது. டாக்டரே குழிக்குள் குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, மேலே ஏறிவந்து வெயிலில் பிடித்தார். பெண்கள் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். ஹெஸ்டர் கையை நீட்டியபடி முன்னால் போனாள். அப்போதுதான் டாக்டர் "அடடா" என்றார்.

தக்கை பாதி உளுத்து உள்ளே விழுந்திருந்தது. சீசாவில் கலங்கல் தண்ணீர். தாள் இருந்த இடத்தில் கஞ்சி மாதிரி ஏதோ கொழகொழவென்று கிடந்தது. டாக்டர் அதைத் தட்டில் ஊற்றி ஊசியால் கிளறிப் பார்த்தார். ஓர் எழுத்துகூடத் தேறவில்லை.

"யார் அடைச்ச தக்கை இது?"

"வேற யாரு?" என்றாள் திருமதி லோஃப்டஸ். "ஜாபெஸ்தான்."

குபீரென்று சிரிப்பு கிளம்பியது. "ஜாபெஸ் வேலை!" என்று ஒரு பெண் கைதட்டினாள். டாக்டரும் சிரித்துவிட்டார். ஜாபெஸ் கூடையைப் பிடித்தபடி நின்றார். சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை, ஹெஸ்டரைத்தான் பார்த்தார்.

அப்போது அவளுக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. வெட்கக்கேடு, ஆனால் வந்தது அதுதான். போயிற்று, கரைந்துவிட்டது, இனி யாருக்கும் தெரியாது என்று நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மூன்று மூச்சு நேரம் இருக்கும். அந்த மூன்று மூச்சும் அவள் முகத்தில் தெரிந்தது, ஜாபெஸ் அதைப் பார்த்துவிட்டார். கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சரிவுப் பக்கம் நடந்தார்.

ஹெஸ்டருக்குச் சுரீரென்றது. "இருங்க," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "எல்லாரும் கேளுங்க. அந்தத் தாள்ல என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியும், எழுதினது நான். மண்டையோட்டை உடைச்சது ஜாபெஸ் இல்லை. நான். அவர் தொடாதேன்னு சொன்னார், நான் கேக்கலை. புத்தகத்துல எழுதினது பொய்."

சிரிப்பு நின்றது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருமதி லோஃப்டஸ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"எத்தனை பெரிய மனசு," என்றாள் பக்கத்துப் பெண்ணிடம். "அந்தக் கிழவரை நாம கிண்டல் பண்றது பொறுக்கலை அவங்களுக்கு."

"மனசு இல்லைம்மா, நிஜம்! நிஜத்தைச் சொல்றேன்."

டாக்டர் அவள் கையைப் பிடித்து மெதுவாகத் தட்டினார். "மிஸ் குவார்ம்பி, இதுக்குத்தான் உங்க மேல எங்களுக்கெல்லாம் இத்தனை மரியாதை. ஆனா என்கிட்ட நடக்காது. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். கடப்பாரை இறங்கின சத்தத்தைக்கூட எழுதியிருக்கீங்களே. இன்னும் என் காதுலயே இருக்கு அது."

"அது நானா இட்டுக்கட்டினது."

"இட்டுக்கட்டினா அப்படி வராது," என்றார் டாக்டர், அன்பாக.

பத்திரிகைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "பெருந்தன்மைக்கு எத்தனை ன?" என்று தனக்குத்தானே கேட்டபடி எழுதிக்கொண்டார். ஹெஸ்டர் அவர் பக்கம் திரும்பினாள், டாக்டர் பக்கம் திரும்பினாள். இருபது வருஷத்துக்கு முன்னால் நன்றாக எழுதினதை ஒரு மத்தியானத்தில் எந்த வாயால் அழிப்பது?

"சரி, நம்பவேண்டாம்," என்றாள் கடைசியில். "எனக்காக ஒண்ணு செய்யுங்க. வடக்குச் சுவர்ல இருக்கறதை ஜாபெஸ் எடுக்கட்டும். கத்தியை அவர்கிட்டக் குடுங்க."

டாக்டருக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. "வேற எது வேணும்னாலும் கேளுங்க. நாளைக்கு லண்டன் தொல்பொருள் சங்கத்துக்கு நான் பதில் சொல்லணும். ஜாபெஸ் கைல கத்தி குடுத்தேன்னா, உங்க புத்தகம் படிச்ச ஒருத்தராவது என்னை மன்னிப்பாரா?"

அவரே இறங்கினார். வடக்குச் சுவரில் ஜாபெஸ் அன்றைக்குச் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே, சின்ன எலும்புக்கூடு ஒன்று மடங்கிப் படுத்திருந்தது. டாக்டர் நாடா வைத்து அளந்தார், படம் வரைந்தார், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். மண்டையோட்டைச் சுற்றி மண்ணை எடுத்துவிட்டுக் கையைக் கீழே கொடுத்தார்.

"ஐயா," என்று மேலேயிருந்து ஜாபெஸின் குரல் வந்தது. அவர் குழியின் விளிம்பில் காலிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். "இப்ப வேணாமுங்க. ஊறிப்போயிருக்கு. ஒரு ராத்திரி காத்துப் படட்டும்."

"நன்றி ஜாபெஸ், எனக்குத் தெரியும்," என்றார் டாக்டர், நிமிர்ந்து பார்க்காமலே.

"அவர் சொல்றதைக் கேளுங்க!" என்று கத்தினாள் ஹெஸ்டர்.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. நனைந்த பிஸ்கட் உடைந்தால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான். டாக்டர் இரண்டு கையையும் விரித்தபடி அப்படியே மண்டியிட்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. பத்து நாள் நூல் பிடித்து இறங்கிய மனுஷர், பாவம், அழுதுவிடுவார் போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணாந்து பார்த்தார்.

"விளிம்புல யாரு நின்னது?" என்று கேட்டார். "மேலயிருந்து மண்ணு சரிஞ்ச மாதிரி இருந்ததே?"

மண் எதுவும் சரியவில்லை. ஆனால் விளிம்பில் நின்றது ஜாபெஸ். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பிற்று, அவ்வளவுதான். பத்திரிகைக்காரர் ஜாபெஸை ஒருதரம் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி, ஏதோ எழுத ஆரம்பித்தார். அந்தப் பென்சில் நகர்வதை ஹெஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை வரி போகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜாபெஸ் கூடையைக் கீழே வைத்தார். புல்லில் கிடந்த கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். ஹெஸ்டர் பின்னாலேயே ஓடி, சரிவில் அவரைப் பிடித்தாள்.

"நான் எழுதறேன் ஜாபெஸ். பதினோராம் பதிப்பு அச்சுலதான் இருக்கு, போய் நிறுத்தறேன். இந்தத் தடவை நடந்ததை நடந்தபடி எழுதறேன். இன்னைக்கு நடந்ததையும் சேத்து."

அவர் நின்றார். கோபம் இருக்கும் என்று அவள் நினைத்தாள், இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். களைப்புதான் இருந்தது.

"எழுதுங்கம்மா," என்றார். "வேணாம்னு சொல்லலை. ஆனா மொதல்ல எழுதினதை ரொம்ப நல்லா எழுதிட்டீங்க."

தொப்பியைத் தொட்டுவிட்டு, கல் குவித்திருக்கிற சாலைப் பக்கமாக இறங்கிப் போனார்.